சும்மா இருந்த பதினொரு மணி நேரம்

நம்பிக்கை என்ற சொல்லை ஒருவர் ஒரே மூச்சில் மூன்று முறை சொன்னால், எதிரில் இருப்பவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. பூட்டு நிறுவனத்தின் பெரிய மேலாளர் தம் காணொளி உரையில் அந்தச் சொல்லைப் பத்தொன்பது முறை சொன்னார். அங்கே வேலை பார்க்கும் மாப்பிள்ளை அதை எண்ணவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மாமியார் எண்ணினார்.

உரையின் சாரம் இதுதான். சாவி தொலைத்தவர்களுக்கான தொலைபேசிப் பிரிவில் இருக்கும் இருபத்தாறு பேரும் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். அவர்கள் மீது நிறுவனத்துக்கு முழு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை சரியானதுதானா என்று மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்ள "நம்பிக்கைப் பிரிவு" என்று ஒரு புதிய பிரிவு தொடங்கப்பட்டிருக்கிறது.

"பத்தொம்பது," என்றார் அத்தை. "இவ்வளவு அடிச்சுச் சொல்றான்னா சரக்குல எங்கயோ கீறல் இருக்கு மாப்ளே."

அத்தை முப்பது வருடம் சந்தையில் பாத்திரக் கடை நடத்தியவர். எந்தப் பாத்திரம் வந்தாலும் விரலை மடக்கி மூன்று முறை தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் தட்டிப் பார்க்கத்தான் கை நீண்டது என்றும், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்றும் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. போன வருடம் கடையின் மேல்தட்டில் இருந்த அண்டாவை எடுக்க ஏணியில் ஏறி, அண்டாவோடு கீழே வந்தார். அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கிறார். ஆனால் நாற்காலியிலிருந்து எழ ஒரு கை வேண்டும்.

அந்தக் கை மாப்பிள்ளையுடையது. அவர் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுப்பவர். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவார். எக்ஸ்-ரேயை வீட்டிலிருந்து எடுக்கும் முறை இன்னும் வரவில்லை. மாப்பிள்ளையும் முன்போல இரண்டு பேருந்து மாறி அலுவலகம் போவதானால், அத்தை தம் மூத்த மகன் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அது நான்காவது மாடி. மின்தூக்கி கிடையாது. மருமகளோடு ஆறு வருடமாகப் பேச்சும் கிடையாது. அங்கே ஒருமுறை ஏற்றிவிட்டால் அத்தை இறங்குவதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும்; அதில் அவர் நடந்து இறங்க மாட்டார். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர் நிறுவனத்துக்குப் போன் செய்வார். நிறுவனம் பூட்டுக்காரரை அனுப்பிக் கதவைத் திறந்துவிடும். இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. கூப்பிடுகிறவர் வீட்டுக்காரர்தானா, அல்லது வீட்டுக்காரர் வருவதற்குள் வேலையை முடிக்க நினைக்கிற வேறு ஆளா என்று பூட்டுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் மாப்பிள்ளை.

ஒன்பது வருடத்தில் அவர் கண்டுபிடித்த முறை மிக எளிமையானது. "நீங்க யாரு?" என்று கேட்பார். பிறகு பேசாமல் இருப்பார். உண்மையான வீட்டுக்காரருக்கு அரை நிமிடத்தில் கோபம் வந்துவிடும். தன் வீட்டு வாசலில் தன்னையே யாரென்று கேட்டால் யாருக்குத்தான் வராது? திருடனுக்குக் கோபம் வராது. அவன் பணிவாகப் பேசுவான், பூட்டைப் பாராட்டுவான், "மெதுவா விசாரிங்க சார், அவசரமில்லை" என்பான். இந்த முறையில் மாப்பிள்ளை தவறியது ஒரே ஒரு தடவை. அசாத்தியப் பொறுமைசாலியான ஒரு பள்ளி ஆசிரியரை அவர் வீட்டு வாசலிலேயே இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார். அந்த ஆசிரியர் அதற்கும் நன்றிக் கடிதம் எழுதினார்.

நம்பிக்கைப் பிரிவு மூன்று பேரோடு தொடங்கியது. நான்கு மாதத்தில் நாற்பத்தொரு பேர் ஆனார்கள். இருபத்தாறு பேரை நம்புவதற்கு நாற்பத்தொரு பேர் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே எவ்வளவு ஆழமான நம்பிக்கை என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில் அவர்கள் நாற்காலியில் ஆரம்பித்தார்கள். மணிக்கு ஒரு முறை ஊழியர் நாற்காலியில் இருக்கும் படம் தானாக எடுக்கப்படும். ஒரு செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை அத்தையைக் குளியலறைக்கு அழைத்துப் போயிருந்த நேரத்தில் படம் எடுக்கப்பட்டுவிட்டது. "நாற்காலி சந்தேகத்துக்கு இடமான முறையில் காலியாக இருந்தது" என்று கடிதம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து வேலை நேரம் முடிந்த பிறகும் படம் எடுத்தார்கள். அப்போது அவர் உட்கார்ந்திருந்ததற்கு இன்னொரு கடிதம் வந்தது. வேலை இல்லாத நேரத்தில் ஒருவர் வேலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவர் எதையோ ஈடுகட்டுகிறார் என்பது பிரிவின் கருத்து.

பிறகு ஒலி. ஊழியர் நாளுக்கு எத்தனை விநாடி பேசுகிறார் என்று கணினியே எண்ணத் தொடங்கியது. வார முடிவில் மாப்பிள்ளைக்கு வந்த தாளில் "சும்மா இருந்த நேரம்: பதினொரு மணி நேரம்" என்று சிவப்பில் இருந்தது. இருபத்தாறு பேரில் அதுதான் அதிகம். தொலைபேசிப் பிரிவிலேயே அதிகமாகப் பேசுகிற ஒருவருக்கு அந்த வாரம் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தார்கள். அவர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நான்கு வீடுகளைத் திருடர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். ஆனால் பேசியபடியே திறந்துவிட்டார்.

மாப்பிள்ளை தம் முறையை விளக்கி மூன்று பக்கம் எழுதினார். பேசாமல் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அதைக் கோப்பில் சேர்த்தார்கள். பிறகு பிரிவின் தலைவரான நம்பிக்கை அதிகாரியே காணொளியில் வந்தார். இழுத்துக் கட்டிய கழுத்துப் பட்டை, பின்னால் நீளமான அலுவலகக் கூடம், நீலக் கண்ணாடித் தடுப்பு, சுவரில் ஒரு கடிகாரம்.

"நீங்க பேசலைன்னா வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?" என்றார் அதிகாரி.

"அந்த நேரத்துல கேக்கறேன் சார்."

"கேக்கறீங்க. சரி. நீங்க கேக்கறதை நாங்க எப்படிப் பாக்கறது?"

மாப்பிள்ளை மறுபடியும் பேசாமல் இருந்தார். அதுவும் சும்மா இருந்த கணக்கில் ஏறியது.

திரை அணைந்ததும் அத்தை, "அந்த ஆபீஸ்ல கடிகாரம் ஓடலை மாப்ளே," என்றார். "பேச ஆரம்பிச்சப்பவும் பத்து பத்து. முடிச்சப்பவும் பத்து பத்து." பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் மாப்பிள்ளை. நாற்பத்தொரு பேர் இருக்கிற இடத்தில் ஒருவனுக்குக் கூடவா பேட்டரி மாற்றத் தோன்றாது என்று அத்தை கேட்டார்.

ஊழியர் கேட்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும் என்று பிரிவு முடிவுக்கு வந்தது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு "வீட்டுச் சாட்சி" நியமிக்கப்பட்டார். இந்த வீட்டில் பகலில் இருந்த வேறு ஒரே ஆள் அத்தை என்பதால் அவரே சாட்சி ஆனார். காணொளியில் உறுதிமொழி எடுத்தார். கழுத்தில் மாட்ட அடையாள அட்டை தபாலில் வந்தது. சந்தேகப்படுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி தருவதாகச் சொன்னபோது மட்டும், முப்பது வருடம் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து வியாபாரம் செய்த தமக்கு அது வேண்டாம், வேண்டுமானால் அவர்களுக்குத் தாமே நடத்தத் தயார் என்று சொல்லிவிட்டார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார்கள். அத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று ஆரம்பித்தார். இழுத்து இழுத்துக் கடைசியில் மணிக்கு ஒரு முறையில் முடிந்தது. அவர்கள் வென்றதாக நினைத்துக்கொண்டார்கள். மணிக்கு ஒரு முறை என்பதுதான் அத்தை மனதில் முதலிலேயே இருந்தது.

பதிவேட்டில் அத்தை கண்டதைக் கண்டபடி எழுதினார். "பத்து மணி. ஒருத்தர் கூப்பிட்டார். இவர் ஒரு கேள்வி கேட்டார். பிறகு சும்மா இருந்தார்." "பதினொரு மணி. ஒரு அம்மாள் திட்டினாள். இவர் சும்மா இருந்தார். பிறகு சந்தோஷமாக ஆள் அனுப்பினார்." கொஞ்சம் மாற்றி எழுதக்கூடாதா என்று மகள் கேட்டதற்கு, கீறல் பாத்திரத்தைக் கூட கீறல் என்று சொல்லியே விற்றவள் நான், இப்போது போய்ப் பொய் எழுதுவேனா என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்து அதிகாரி மறுபடி திரையில் வந்தார். இந்த முறை அத்தையிடம் பேசினார்.

"அம்மா, உங்க பதிவேட்டைப் பாத்தோம். நீங்களும் அவரும் ரொம்ப நல்லபடியா இருக்கற மாதிரி தெரியுது. அதுதான் கவலையா இருக்கு."

"நல்லபடியா இருந்தா என்ன கவலை தம்பி?"

"நல்லபடியா இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொன்னா யாரும்மா நம்புவா? எங்க பிரிவையே எடுத்துக்கோங்க. நாப்பத்தோரு பேர். ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாது. அதனாலதான் வேலை சுத்தமா நடக்குது."

உறவு சுமுகமாக இல்லை என்பதற்குச் சான்று தேவைப்பட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் சாட்சியும் ஊழியரும் கேமராவின் முன் சண்டை போட வேண்டும். பிரிவு அதற்கு மதிப்பெண் போடும்.

முதல் வெள்ளிக்கிழமை தேநீரில் சர்க்கரை குறைவு என்று அத்தை ஆரம்பித்தார். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பத்துக்கு ஒன்று கிடைத்தது. இரண்டாம் வெள்ளிக்கிழமை மின்விசிறியின் வேகம் பற்றி இரண்டு பேரும் குரலை உயர்த்திப் பார்த்தார்கள். நடுவில் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்துக்கு இரண்டு. "தீவிரம் போதாது. பழைய விஷயங்களைச் சேர்க்கவும்" என்று குறிப்பு வந்தது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை, கல்யாணத்தின்போது தம்மைப் பாத்திரம் போலத் தட்டிப் பார்க்க வந்ததை ஆரம்பித்தார். அன்றைக்கு அத்தை சிரிக்கவில்லை. பதிவேட்டைப் பின்னால் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"திங்கட்கிழமை, மூணு இருபது. குளியலறைக்குள்ள போன். பெரியவனோட. எத்தனை படின்னு கேட்டீங்க."

மாப்பிள்ளை கேமராவைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்பத்தாறு படி," என்றார் அத்தை. "என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. உங்க வேலை போயிடும்னா சொல்லுங்க. மூட்டையைக் கட்டிக்கறேன். கதவைச் சாத்திக்கிட்டு விலை பேச நான் என்ன பழைய அண்டாவா?"

"கேட்டேன் அத்தை. இல்லேங்கலை. கேட்டுட்டு, வேண்டாம், நானே பாத்துக்கறேன்னு மச்சான்கிட்ட சொல்லிட்டேன்."

"அது எனக்குக் கேக்கலை."

"அப்ப தண்ணிக் குழாயைத் திறந்திருந்தேன்."

"மொதல்லயே திறந்திருக்கலாம்," என்றார் அத்தை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சண்டைக்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது. "மிக உயர்ந்த தரம். பிற வீடுகளுக்கு முன்மாதிரியாக அனுப்பப்படுகிறது" என்று சான்றிதழே வந்தது. மாப்பிள்ளை அதை மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தார். இரண்டு நாள் அத்தை எழுவதற்கு அவர் கையைக் கேட்கவில்லை. ஊன்றுகோலோடு நாற்காலி விளிம்பில் போராடினார். மகள் ஓடிவந்து தூக்கினாள். மூன்றாம் நாள் மகள் வேலைக்குப் போன பிறகு, வேறு எங்கோ பார்த்தபடி கையை மட்டும் நீட்டினார். மாப்பிள்ளையும் வேறு எங்கோ பார்த்தபடி பிடித்துத் தூக்கினார்.

ஆனால் சான்றிதழுக்கு ஒரு விளைவு இருந்தது. சாட்சிக்கும் ஊழியருக்கும் ஆகாது என்று நிரூபணமாகிவிட்டதால், சாட்சி எழுதியதெல்லாம் இப்போது அப்பழுக்கில்லாத உண்மை ஆகிவிட்டது. நூற்றுப் பதினேழு இடங்களில் "சும்மா இருந்தார்" என்று இருந்தது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு இறுதி விசாரணை என்றும், திருப்தி இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் மாப்பிள்ளை தலைமை அலுவலகத்தில் ஆஜராக வேண்டும் என்றும் கடிதம் வந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்குள் இரண்டு சுற்றறிக்கைகள் வந்திருந்தன. ஒன்று, பதினான்காம் விதி. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களிடம் சாட்சி முறை பெரிய வெற்றி பெற்றதால் சாவி தொலைத்தவர்களுக்கும் அது நீட்டிக்கப்படுகிறது. கதவைத் திறக்கச் சொல்பவர் வீட்டுக்குள் இருக்கும் ஒரு சாட்சியைக் காட்ட வேண்டும். வீட்டுக்குள் ஒருவர் இருந்தால் அவரே கதவைத் திறந்துவிடுவாரே, பிறகு நம்மை ஏன் கூப்பிடப் போகிறார் என்று மாப்பிள்ளை பணிவோடு கேட்டிருந்தார். அது அவருடைய சொந்த யோசனை என்றும், விதியில் யோசனைக்கு இடமில்லை என்றும் பதில் வந்தது. மற்றொன்று எச்சரிக்கை. ஊழியர்களை ஏமாற்ற அதிகாரிகளைப் போலவே குரல் மாற்றிப் பேசுகிற கும்பல் ஒன்று கிளம்பியிருக்கிறது. "நானே கூப்பிட்டு நான்தான் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்" என்று நம்பிக்கை அதிகாரி கையெழுத்திட்டிருந்தார்.

புதன்கிழமை மாப்பிள்ளை பத்தே முக்காலுக்கே சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, சாட்சி மேசையில் பதிவேட்டைத் திறந்து வைத்தார். திரையில் நீலக் கண்ணாடியும் கூடமும் தெரிந்தன. கடிகாரத்தில் பத்து பத்து. கூடத்தின் முன்னால் ஒரு காலி நாற்காலி. பதினொன்று ஆயிற்று. பதினொன்று மூன்று ஆயிற்று. நாற்காலி சந்தேகத்துக்கு இடமான முறையில் காலியாகவே இருந்தது.

பதினொன்று நாலுக்குத் தொலைபேசி அடித்தது. விசாரணை நாளிலும் அழைப்பை எடுக்காமல் இருந்தால் அதற்கு வேறு கடிதம் வரும். மாப்பிள்ளை எடுத்தார்.

"நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் பேசாமல் இருந்தார்.

மறுமுனையில் கனமாக்கிக்கொண்ட ஒரு குரல், பால்கனியில் மாட்டிக்கொண்டதாகவும், துண்டை எடுக்க வந்தபோது கதவு தானாகப் பூட்டிக்கொண்டதாகவும் சொன்னது. "உங்க கம்பெனிப் பூட்டுதான். ரொம்ப நல்ல பூட்டு," என்றது.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் வெளியே மாட்டிக்கொண்ட எந்த வீட்டுக்காரரும் பூட்டைப் பாராட்டியதில்லை. அவர் பேசாமல் இருந்தார்.

"சரி. நான்தான் நம்பிக்கை அதிகாரி," என்றது குரல், கனத்தை இறக்கி வைத்துவிட்டு. "குரல் தெரியுதில்ல?"

குரல் நன்றாகத் தெரிந்தது. அதுதான் மாப்பிள்ளையின் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. கையெழுத்திட்ட எச்சரிக்கை அவர் மேசையின் மேலேயே ஒட்டியிருந்தது. போதாக்குறைக்கு, அதிகாரி தலைமை அலுவலகத்தில் இருக்க வேண்டிய நேரம் இது. திரையில் அலுவலகம்கூடத் தெரிகிறது. அவர் எப்படிப் பால்கனியில் துண்டு எடுத்துக்கொண்டிருக்க முடியும்?

"வீட்டுக்குள்ள சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று பதினான்காம் விதிப்படி கேட்டார்.

"யாரும் இல்லை. மனைவி வெளியூர். ஆபீஸ் ஆள் யாரையாவது கூப்பிடலாமேன்னு நினைப்பீங்க. கூப்பிட்டா என்னைச் சந்தேகப்படுவாங்க. அதுக்குன்னு பாத்துப் பாத்துச் சேத்த ஆளுங்க."

மாப்பிள்ளை பேசாமல் இருந்தார். நிஜமாகவே அவருக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. கோபம் வந்தால் வீட்டுக்காரர். இந்த ஆளுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே காத்திருந்தார். சாட்சி மேசையில் அத்தை மெல்ல உள்ளங்கையை உயர்த்தினார். சந்தையில் விலை சொல்லி முடித்த பிறகு இனி வாயைத் திறக்காதே என்று கடைப் பெண்களுக்கு அவர் காட்டும் கை அது. மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை.

மௌனம் நீளநீள அதிகாரி பேசிக்கொண்டே போனார். "வீட்டுல என்ன பண்றீங்கன்னுதானே யோசிக்கறீங்க? இங்க பாருங்க, தலைமை அலுவலகம்னு இப்ப ஒண்ணும் கிடையாது. உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பின வாரமே அந்த மாடியைக் காலி பண்ணியாச்சு. நாப்பத்தோரு பேரும் வீட்டுலதான் இருக்கோம். திரையில பின்னால தெரியறது வெறும் படம். எங்களை யார் கண்காணிக்கறாங்கன்னு கேப்பீங்க. எங்களுக்கு எதுக்குங்க? எங்க மேல நம்பிக்கை இருக்கு."

மாப்பிள்ளை பேசாமல் இருந்தார்.

"திங்கட்கிழமை உங்களை வரச் சொல்லியிருந்தேன். வந்தா எங்க உக்கார வைக்கறதுன்னு எனக்கே தெரியாது. சரி, விசாரணையை ஒரு மாசம் தள்ளி வைக்கறேன். இங்க தூறல் ஆரம்பிச்சிருச்சு."

அத்தையின் கை இறங்கவில்லை.

"ஆறு மாசம்," என்றார் அதிகாரி.

இவ்வளவு இறங்கி வருகிற வீட்டுக்காரரை மாப்பிள்ளை கண்டதே இல்லை. அவருக்கு வியர்த்தது. ஒரு கையால் வாயை மூடிக்கொண்டார்.

"சரிப்பா, விசாரணையே வேண்டாம். எழுதித் தந்தா போதுமா? போன்லேயே அனுப்பறேன்."

சற்று நேரத்தில் கணினியில் கடிதம் வந்து விழுந்தது. மறு உத்தரவு வரும் வரை மாப்பிள்ளை வீட்டிலிருந்தே பணி செய்யலாம் என்றிருந்தது. அத்தை முன்னால் சாய்ந்து படித்தார். திரையை விரல் மடக்கித் தட்டினார். "மறு உத்தரவு" என்ற இடத்தில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்று புரியாத மாப்பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நிரந்தரமான்னு போடணுமா? போடறேன். மழை வலுக்குது. எதிர்வீட்டு ஜன்னல்ல ரெண்டு பேர் வேற பாக்கறாங்க. மேல கழுத்துப் பட்டை, கீழ அரைக்கால் சட்டை. எப்படி இருக்கும்னு யோசிங்க."

இரண்டாவது கடிதம் வந்தது. நிரந்தரமாக என்று இருந்தது. சாட்சியும் சண்டையும் இனித் தேவையில்லை என்று கேட்காமலே சேர்த்திருந்தார். அத்தை கையை இறக்கினார். ஆனால் மாப்பிள்ளை இன்னும் ஆள் அனுப்பவில்லை. அவருக்குத்தான் சந்தேகம் தீரவில்லையே.

அப்போது மறுமுனையில் ஏதோ உடைந்தது.

"யோவ், உனக்கு மனசாட்சி இருக்கா? என் வீடுய்யா இது. என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு எவன்கிட்ட என்னத்தை நிரூபிக்கணும்? வீட்டுல இருக்கறது ஒரு குத்தமா?"

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. இந்தக் குரலுக்காகத்தான் அவர் பதினைந்து நிமிடமாகக் காத்திருந்தார்.

"ரொம்ப நன்றி சார். இப்ப நம்பறேன்," என்றார். "இருபது நிமிஷத்துல பூட்டுக்காரர் வந்துருவார்."

பதிவேட்டில் அன்று பதினொரு மணிக்கு எதிரே அத்தை எழுதியது இது: "ஒருத்தர் கூப்பிட்டார். இவர் சும்மா இருந்தார். நன்றாக இருந்தார்." எழுதிவிட்டு அடையாள அட்டையைக் கழற்றிப் பக்கத்துக்குள் அடையாளமாக வைத்து மூடினார். பிறகு கையை நீட்டினார். இந்த முறை முகத்தைப் பார்த்தே நீட்டினார்.

திங்கட்கிழமை காலை கணினி தானாகத் தயாரித்த ஒரு கடிதம் வந்தது. புதன்கிழமை பதினொன்று நாலு முதல் பத்தொன்பது வரையிலான பதினைந்து நிமிடத்தில் மாப்பிள்ளை பேசியது ஒன்பது விநாடி என்றும், மீதி நேரம் சும்மா இருந்ததற்கு இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. கீழே நம்பிக்கை அதிகாரியின் கையெழுத்து அச்சாகியிருந்தது. மாப்பிள்ளை பதறிப்போய்த் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய ஐயா" வரை வந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?" என்றார் அத்தை.

"விளக்கம் எழுதறேன் அத்தை."

"கையை எடுங்க. சும்மா இருங்க."

மாப்பிள்ளை கையை எடுத்தார். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. இரண்டு நாளும் அவர் சாவி தொலைத்தவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நம்பிக்கைப் பிரிவுக்கு ஒரு வரி எழுதவில்லை. புதன்கிழமை காலை பதில் வந்தது.

"தங்கள் விளக்கம் கிடைத்தது. முழுத் திருப்தி அளிக்கிறது. தங்கள் மீதான நம்பிக்கை தொடர்கிறது."

மாப்பிள்ளை அதைத் தாளில் அச்செடுத்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதை மேசைமேல் வைத்து, விரலை மடக்கி மூன்று முறை தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"கீறல் இருக்கு மாப்ளே," என்றார். "நம்ம புழக்கத்துக்குப் போதும். உள்ள எடுத்து வைங்க."